விடைபெற விரும்பும் ஒரு பாலிசிதாரனின் விண்ணப்பம்

மகாகனம் பொருந்திய பொறுப்புக் காப்பீட்டுப் பிரிவு மேலாளர் அவர்களின் சமூகத்திற்கு, காவிரிக் கரையில் உள்ள ஒரு சிற்றூரில் பதினெட்டுக் கட்டில்கள் கொண்ட நர்ஸிங் ஹோம் ஒன்றை வைத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவம் செய்து ஜீவித்துவரும் தங்கள் பாலிசிதாரன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்ட விண்ணப்பம்.

தங்கள் க்ஷேமத்தைப் பற்றி விசாரிக்க வேண்டிய அவசியம் நேரவில்லை. இவ்வாண்டுப் புதுப்பிப்பு நோட்டீசில் பிரீமியத் தொகை சென்ற ஆண்டைக் காட்டிலும் பெருத்திருக்கும் பெருக்கத்தைக் கண்ட மாத்திரத்தில், தங்கள் ஸ்தாபனம் பூரண ஆரோக்கியத்துடன் விளங்குகிறது என்பதை, நாடி பிடித்துப் பார்க்காமலே நான் நிர்ணயித்துக்கொண்டேன். நம்மிடையே இதுகாறும் எவ்வித மனஸ்தாபமும் நேர்ந்ததில்லை. நான் தவறாமல் பணம் கட்டினேன். தாங்கள் தவறாமல் பெற்றுக்கொண்டீர்கள். என்மீது ஒரு வழக்கும் வரவில்லையாதலால் தாங்கள் என் பொருட்டு ஒரு காசும் செலவிட வேண்டிய சங்கடம் ஏற்படவில்லை. இவ்வளவு அப்பழுக்கற்ற உறவை முறித்துக்கொள்ள நான் எண்ணியதற்குக் காரணம், அதே காப்புத் தொகைக்கு வேறொரு கம்பெனி குறைந்த பிரீமியம் கேட்கிறது என்ற அற்பமான லௌகிக விஷயந்தான். அதற்காக என்னை நன்றி கெட்டவன் என்று தாங்கள் கருதக்கூடும். பிரீமியத்தின்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் சேர்த்துக் கட்டுகிறவனிடம் நன்றியுணர்ச்சிக்கென்று மிஞ்சியிருப்பது சொற்பமே என்பதைத் தயவுசெய்து மனத்தில் கொள்ள வேண்டும்.

கம்பெனி மாறுவது சுலபமான காரியம் என்று எனக்குத் தோன்றியதற்கும் நியாயம் இருந்தது. 2011 ஜனவரி 20 முதல் இந்தத் தேசத்தில் எவரும் தம் கைப்பேசி எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம். அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியையும் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகலாம். பழைய இடத்தில் கழித்த காத்திருப்புக் காலம் புதிய இடத்திலும் கணக்கில் சேர்ந்துகொள்ளும். என்னிடம் பிரசவத்துக்கு வரும் பெண்மணி தன் பாலிசியின் பூர்வ புண்ணியத்தை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கம்பெனி கம்பெனியாகப் போகலாம் என்று இருக்கும்போது, அவளுக்குப் பிரசவம் பார்க்கும் எனக்கும் அந்தப் பாக்கியம் இருக்கும் என்று நினைத்தது அப்படியொன்றும் பேராசை அன்று. ஆயினும் அந்த ஏற்பாடு மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டுமே உரியது என்றும், மருத்துவனின் தொழிற்பொறுப்புக் காப்பீட்டுக்கு அப்படிப்பட்ட விதி எதுவும் இல்லை என்றும், தங்கள் கிளை அலுவலகத்து இளைஞர் ஒருவர் மிகுந்த மரியாதையுடன் எனக்கு எடுத்துரைத்தார். நோயாளியின் பாலிசிக்குக் கால்கள் உண்டு. வைத்தியனின் பாலிசிக்கு இல்லை.

எங்களைத் தங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது எது என்பதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1986 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது, அது துணிக்கடைக்காரரையும் மின்விசிறி விற்பவரையும் உத்தேசித்துச் செய்த சட்டம் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். 1995 நவம்பர் 13 அன்று, இந்திய மருத்துவ சங்கத்துக்கும் வி.பி. சாந்தாவுக்கும் இடையேயான வழக்கில், காசு வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியமும் அச்சட்டத்தின்படி ஒரு சேவையே என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் அநியாயம் இருப்பதாக நான் சொல்ல மாட்டேன். கருவறுந்துபோன குடும்பத்துக்கு முறையிட ஓர் இடம் வேண்டாமா? அவர்கள் சிவில் கோர்ட்டில் ஸ்டாம்பு வாங்கியே நொடித்துப் போக வேண்டும் என்று விரும்புகிறவன் வைத்தியன் அல்லன். ஆனால் 2024 மே 14 அன்று அதே சுப்ரீம் கோர்ட், வக்கீல்களின் தொழில் தனித்தன்மை வாய்ந்தது, அவர்கள் இச்சட்டத்தின் கீழ் வரமாட்டார்கள் என்று தீர்ப்பளித்ததைப் படித்தபோது, எங்கள் ஊர் வக்கீல் நண்பர் ஒருவர் என்னைச் சந்தித்து அனுதாபம் தெரிவித்ததில் ஏதோ ஓர் உல்லாசம் கலந்திருந்ததை மட்டும் நான் கவனிக்காமல் இல்லை.

இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையே 2013 அக்டோபர் 24 வந்தது. கல்கத்தாவில் நடந்த சிகிச்சையைத் தொடர்ந்து 1998 இல் இறந்துபோன அனுராதா சாஹாவுக்காக அவருடைய கணவர் தொடுத்த வழக்கில், ஏறக்குறைய 6 கோடி ரூபாயும் வட்டியும் நஷ்ட ஈடாகக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. தங்கள் ஏஜெண்டு அந்தத் தொகையை ஒரு மகாமந்திரத்தைப்போல் என் முன்னே உச்சரித்து, என் காப்பு வரம்பை உயர்த்திவிட்டுத்தான் எழுந்து போனார். அவரைக் குறை கூறவில்லை. பயம் ஏற்கெனவே என் மனத்தில் விளைந்திருந்தது, அவர் அறுவடை மட்டும் செய்துகொண்டார்.

இனி நான் கிளம்ப எத்தனித்தபோது கண்ட விசித்திரத்துக்கு வருகிறேன். தங்கள் பாலிசி, நான் தவறு செய்த நாளைப் பொறுத்தது அன்று. அந்தத் தவறு நிமித்தமாக என்மீது ஒருவர் உரிமை கோரும் நாளைப் பொறுத்தது. சென்ற கார்த்திகையில் நான் சிசேரியன் செய்த பெண்மணியிடமிருந்து அடுத்த ஆவணியில் வக்கீல் நோட்டீஸ் வருமானால், கார்த்திகையில் எனக்குப் பாலிசி இருந்தது என்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆவணியில் இருக்க வேண்டும். அது மட்டுமன்று, ஆவணியில் இருக்கும் அந்தப் பாலிசியின் ஷெட்யூலில் ரெட்ரோ தேதி என்று ஒரு தேதி அச்சிடப்பட்டிருக்கும்; கார்த்திகை அந்தத் தேதிக்குப் பிற்பட்டதாகவும் இருக்க வேண்டும். இடைவிடாமல் தங்களிடமே புதுப்பித்து வந்தால் ரெட்ரோ தேதி பழைய இடத்திலேயே நிற்கும். இடையில் ஒரு முறை விட்டுப்போனாலும், வேறு கம்பெனிக்குப் போனாலும், அது புதிய பாலிசி தொடங்கும் நாளுக்கு ஓடிவந்துவிடும் ஆபத்து உண்டு. அந்த நாளுக்கு முன் நான் பார்த்த பிரசவங்கள் அத்தனையும், அன்றைக்கன்று பிரீமியம் கட்டப்பட்டவையாக இருந்தும், அநாதைகளாகிவிடும்.

பல வருஷம் என் வீட்டைக் காத்த காவற்காரனை நிறுத்திவிட்டு வேறொருவனை வைக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒருநாள் பெட்டியைத் திறந்து பார்க்கும்போது, பழைய ஆள் காவலிருந்த காலத்திலேயே ஒரு நகை களவு போயிருப்பது தெரியவருகிறது. பழையவனைக் கேட்டால், களவு தெரியவந்த நாளில் தான் அங்கே வேலையில் இல்லை என்கிறான். புதியவனைக் கேட்டால், களவு நடந்த நாளில் தான் அங்கே வேலையில் இல்லை என்கிறான். இருவரும் தத்தம் சம்பளத்தைக் கணக்குத் தீர்த்து வாங்கியிருக்கிறார்கள், இருவர் சொல்வதும் சத்தியம். இப்படிப்பட்ட இரண்டு சத்தியங்களுக்கு நடுவே ஒரு வைத்தியன் நிற்க வேண்டிய நிலைமையைத் தர்க்க சாஸ்திரிகள் வேண்டுமானால் ரசிக்கலாம்.

ஆனால் தாங்கள் தயாளமற்றவர்கள் அல்லர். பாலிசி முடிந்துபோனாலோ ரத்தானாலோ, அதன் காலத்தில் நடந்து அதன் காலத்துக்குள் தெரிவிக்க முடியாமற்போன விஷயங்களைத் தெரிவித்துக்கொள்வதற்கு 90 நாட்களுக்கு மேற்படாத அவகாசம் தருவதாக என் கையிலுள்ள பாலிசியில் ஒரு ஷரத்து இருக்கிறது. அதைப் படித்து என் கண்கள் பனிக்கத் தொடங்கின. வாக்கியம் முடியவில்லை என்பதைக் கண்டு பனிப்பதை நிறுத்திக்கொண்டேன். அந்த 90 நாட்களில் அதே விஷயத்துக்கு வேறு எந்தக் காப்பீடும் அமலில் இருக்கக் கூடாதாம்! அதாவது, தங்களை விட்டுப் பிரிந்து வேறு கம்பெனியில் சேர்ந்தவனுக்கு இந்தச் சலுகை கிடையாது; பிரிந்தபின் எங்கும் சேராமல், நிராயுதபாணியாக மூன்று மாதம் நோயாளிகளைத் தொட்டுக்கொண்டிருப்பவனுக்கு மட்டுமே உண்டு. கம்பெனி மாறும் வைத்தியனுக்கென்றே யோசித்து யோசித்து எழுதிய ஷரத்து இது என்று நான் அபிப்பிராயப்படுகிறேன். இதை எழுதியவர் யாராயிருந்தாலும் வியாகரணத்திலும் வியாபாரத்திலும் சமமான பாண்டித்தியம் உடையவர்.

மறுபக்கம் சட்டமோ, நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுக்க நோயாளிக்கு 2 ஆண்டு அவகாசம் தருகிறது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தையும் மன்னிக்கிறது. மகப்பேறு மருத்துவனுக்கு இந்தக் கணக்கு மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். பிறந்த குழந்தை தவழ வேண்டிய பருவத்தில் தவழாமலும், பேச வேண்டிய பருவத்தில் பேசாமலும் இருப்பதைப் பார்த்துத்தான் பெற்றவர்கள் மெல்ல மெல்ல ஐயுறத் தொடங்குகிறார்கள். ஐயுற்று, நகரத்து நிபுணரிடம் காட்டி, அவர் எங்கோ பார்த்துக்கொண்டு பிரசவ சமயத்தில் ஏதேனும் தாமதமா என்று கேட்டு, பிறகுதான் வக்கீலிடம் போகிறார்கள். இவ்வளவும் 90 நாட்களுக்குள் நடந்தேற வேண்டுமென்று தாங்கள் எதிர்பார்ப்பதானால், குழந்தைகள் சற்று விரைந்து வளரும்படி எல்லாத் தாய்மார்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புவது உசிதம்.

தவறு நடந்த நாளை விட்டு, உரிமை கோரும் நாளைப் பிடித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு தங்கள் சொந்தக் கற்பனை அன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்க தேசத்தில் 1970களில் மருத்துவர்கள்மீது வழக்குகள் பெருகி, கம்பெனிகள் நஷ்டம் தாங்காமல் தவித்த காலத்தில் அங்கே பரவிய முறை இது. ஆனால் அங்கே, விட்டுப் போகிறவன் பழைய காலத்துக்கான காப்பைத் தனியாக விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். டெயில் கவர் என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் ஓர் ஆண்டுப் பிரீமியத்தைப்போல் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று அதன் விலை ஏறும். கொள்ளை விலைதான், ஆனாலும் கடையில் சரக்கு இருக்கிறது. என்னைப் போன்ற தனி மருத்துவனுக்கு இங்கே அந்தச் சரக்கே கண்ணில் படவில்லை. அமெரிக்காவிலும் எல்லாம் சுபிட்சம் என்று நினைத்துவிட வேண்டாம். 2001 டிசம்பரில் செயின்ட் பால் என்ற பெரிய கம்பெனி, இந்த வியாபாரத்தில் இனி லாபம் இல்லை என்று கண்டு, மருத்துவப் பொறுப்புக் காப்பீட்டையே முற்றாக விட்டு விலகிவிட்டது. 40,000த்துக்கு மேற்பட்ட மருத்துவர்கள் வேறு இடம் தேடி அலைந்தார்கள். ஆகவே மருத்துவன் கம்பெனியை விட்டுப் போவது துரோகம் என்றும், கம்பெனி மருத்துவனை விட்டுப் போவது வியாபார விவேகம் என்றும் உலகம் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது போலும்.

புதிய கம்பெனியின் யோக்கியதையையும் மறைக்க விரும்பவில்லை. குறைந்த பிரீமியத்தின் ரகசியம் என்னவென்று துருவிப் பார்த்ததில், 1 கோடி ரூபாய் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததற்குக் கீழே 1:4 என்ற விகிதம் சிறிய எழுத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. ஆண்டு முழுவதற்கும் சேர்த்து 1 கோடி. எந்த ஒரு சம்பவத்துக்கும் 25 லட்சம்தான் என்பது அதன் தாத்பரியம். முழுத் தொகையைப் பெற வேண்டுமானால் நான் ஓராண்டில் நான்கு முறை வழக்கில் மாட்டிக்கொள்ளும் திறமை படைத்தவனாக இருக்க வேண்டும். விகிதத்தை 1:1 ஆக மாற்றிக் கேட்டேன், பிரீமியம் உயர்ந்தது, உயர்ந்தும் தங்களுடையதைவிடக் குறைவாகவே இருக்கிறது. இடைவெளியின்றிப் பாலிசி தொடர்ந்திருப்பதைப் பழைய ஷெட்யூல்களைக் கொண்டு நிரூபித்தால், பழைய ரெட்ரோ தேதியையே தம் ஷெட்யூலில் எழுதிக் கொடுப்பதைப் பரிசீலிக்கிறோம் என்றும் சொன்னார்கள். அது அவர்களுடைய தயை. என் பாத்தியதை அன்று. வாய்ச்சொல்லில் அந்தத் தேதியை ஒப்புக்கொண்டு, அச்சில் பாலிசி தொடங்கும் நாளைப் போட்டு அனுப்புவதும் இத்தொழிலில் நடக்கக்கூடியதே என்பதால், ஷெட்யூலைக் கண்ணால் பார்க்காமல் தங்களிடமிருந்து விடுபடுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன்.

அவர்களுடைய புரொபோசல் பாரத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: பின்னர் உரிமைக் கோரிக்கையாக மாறக்கூடிய ஏதேனும் சம்பவம் தங்களுக்குத் தெரியுமா? தெரியும் என்று எழுதினால் அந்தச் சம்பவத்தை விலக்கிவிடுவார்கள். தெரியாது என்று எழுதிவிட்டு நாளை வழக்கு வந்தால், தெரிந்தே மறைத்தாய் என்று பாலிசியையே விலக்கிவிடுவார்கள். ஒரு மருத்துவன் தனக்குத் தெரிந்ததை எல்லாம் யோசிக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைத் தங்களைப் போன்ற கனவான்கள் ஊகித்துப் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போது பில்லைப் பார்த்து முகம் சுளித்த மாமனார் ஒருவர். பெண் குழந்தை பிறந்ததற்கு என்னையே பொறுப்பாளியாகக் கருதி முறைத்துவிட்டுப் போன ஒரு மாமியார். தையல் போட்ட இடம் அரிக்கிறது என்று நள்ளிரவில் போன் செய்த ஒரு கணவர். இவர்களில் எவர் சம்பவம், எவர் வெறும் மனிதர்?

நல்லவேளையாகத் தங்கள் பாலிசியிலேயே இதற்கு ஒரு பரிகாரம் இருக்கிறது. அதைத் தாங்கள் விளம்பரம் செய்யாமல் இருப்பது தங்கள் அடக்கத்தையே காட்டுகிறது. பாலிசிக் காலத்துக்குள் ஒரு குறிப்பிட்ட சம்பவத்தை நான் எழுத்து மூலம் தெரிவித்து, அது கோரிக்கையாக மாறக்கூடும் என்று தாங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டால், வழக்கு எப்போது வந்தாலும் அது இந்தக் காலத்திலேயே வந்ததாகப் பாவித்துத் தாங்களே கவனித்துக்கொள்ள வேண்டும். ஆகவே இக்கடிதத்துடன் ஒரு ஜாபிதா இணைத்திருக்கிறேன். மேலே சொன்ன மாமனாரையும் மாமியாரையும் அதில் சேர்க்கவில்லை. உண்மையாகவே சிக்கல் நேர்ந்த சிகிச்சைகள் மட்டும், தேதியுடனும் கேஸ் ஷீட்டின் நகலுடனும் கண்டிருக்கின்றன. தயவுசெய்து கிடைத்தது என்று மட்டும் பதில் எழுதி நிறுத்திவிடாமல், ஏற்றுக்கொண்டோம் என்ற பதத்தையும் பிரயோகிக்க வேண்டும். இவ்விரண்டு பதங்களுக்கும் நடுவேதான் என் வீடும், நர்ஸிங் ஹோமும், என் மனைவியின் பெயரில் உள்ள ஒன்றரை மா நிலமும் அடங்கியிருக்கின்றன.

விடைபெறுமுன் மற்றொரு ஷரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இது எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கூடவே வரும் போலிருக்கிறது. தங்கள் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் நான் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, எதையும் கொடுப்பதாக வாக்களிக்கவோ கூடாது. வியாபார முறையில் இது நியாயமே. ஆனால் இதன் விளைவாக, குழந்தையை இழந்த தாயின் முன் நின்று, மனம் வருந்துகிறேன் என்று சொல்ல வாயெடுக்கும்போது, அந்த வருத்தம் ஒப்புதல் வாக்குமூலமாகிவிடுமோ என்று ஒரு க்ஷணம் தயங்குகிறவர்களாக எங்களை ஆக்கிவிட்டீர்கள். அந்த க்ஷணத் தயக்கத்தை அவள் கவனித்துவிடுகிறாள். பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டு போகும் மருத்துவன்மீது உண்டாகும் கோபமே பல வழக்குகளுக்கு வித்து என்பது, இத்தொழிலில் தலை நரைத்த எவருக்கும் தெரிந்த விஷயம். தங்கள் ஷரத்து கோரிக்கைகளைத் தடுக்கிறதா, பயிர் செய்கிறதா என்பதைத் தங்கள் கணித நிபுணர்கள் ஓய்வு கிடைக்கும்போது ஆராயலாம். யுத்தம், அந்நியப் படையெடுப்பு, அணு ஆயுதம் ஆகியவற்றால் நேரும் தீங்குகளுக்குக் காப்பு இல்லை என்பதை மட்டும் நான் மனமுவந்து ஏற்கிறேன். எங்கள் ஊரில் இதுவரை கொசுப் படையெடுப்புக்கு மேல் ஒன்றும் நிகழவில்லை.

இப்போது பிரார்த்தனைக்கு வருகிறேன். என் பாலிசிகள் தொடங்கிய நாள்முதல் இன்றுவரையிலான ஷெட்யூல்களின் நகல்களையும், என்மீது எவ்விதக் கோரிக்கையும் இல்லை என்பதற்கான சான்றிதழையும் இம்மாதத்துக்குள் கொடுத்தருள வேண்டும். இணைத்திருக்கும் ஜாபிதாவுக்கு ஒவ்வொரு சம்பவமாகப் பதில் எழுத வேண்டும். வேறு காப்பீடு இருக்கக் கூடாது என்ற நிபந்தனையை நீக்கி, 90 நாட்கள் என்பதை 2 ஆண்டுகளாக்கி, அதற்கு நியாயமான ஒரு விலையையும் நிர்ணயித்து, ஓய்வு பெறும் மருத்துவர்களும் கம்பெனி மாறும் மருத்துவர்களும் வாங்கிக்கொள்ளும்படி செய்ய வேண்டும். விலை கொடுக்கமாட்டோம் என்று எங்களில் எவரும் சொல்லவில்லை. கட்டில் ஏற முடியாத வயதில் கத்தியைக் கீழே வைத்துவிட்ட கிழ மருத்துவர்கள்கூட, ஒரு நோயாளியையும் பார்க்காமலே, பழைய நோயாளிகளுக்குப் பயந்து ஆண்டுதோறும் பிரீமியம் கட்டிக்கொண்டிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். அவர்களிடம் வாங்குவதற்கு ஒரு முறையான பெயராவது வைத்துவிடலாமே.

கடைசியாக ஒரு விஷயம், அதைப் பயமுறுத்தல் என்று கொள்ள வேண்டாம். பிரீமியம் கட்டிக் காப்பீடு பெறுகிறவனும் சட்டத்தின் பார்வையில் ஒரு நுகர்வோரே. ஆகவே தாங்கள் பதில் எழுதாமலோ, காரணம் கூறாமல் ஜாபிதாவைத் திருப்பியனுப்பியோ சேவையில் குறை வைத்தால், எங்களை எதிர்மனுதாரர்களாகவே பார்த்துப் பழகிய அதே மன்றத்தில் மனுதாரனாகப் போய் நிற்க எனக்கும் உரிமை உண்டு. அதற்குச் சட்டம் எனக்கு அளித்திருக்கும் அவகாசம் 2 ஆண்டுகள். 90 நாட்கள் அன்று.

இங்ஙனம்,
தங்கள் பாலிசிதாரன்